திரும்பி வந்த அரைச் சுரைக்காய்

என் மகள் பர்கூரில் பொறியியல் படிக்கப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் விடுதிக்குப் போன் போடுகிறேன். யாரோ ஒரு பெண் எடுப்பாள். என் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு யாரோ ஓடும் செருப்புச் சத்தம் கேட்கும். அவள் வந்து "சொல்லுங்கப்பா" என்றதும் நான் கேட்பது ஒன்றுதான்.

"மத்தியானம் என்னம்மா சாப்பிட்ட?"

"சாம்பார், பொரியல்."

"என்ன பொரியல்?"

"அப்பா, நூத்தியிருவது பேர் சாப்பிட்டோம். நூத்தியிருவது பேரும் உசுரோட கிளாஸுக்குப் போய்ட்டு வந்துட்டோம். போதுமா?"

பின்னால் நிற்கும் தோழிகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, எங்கள் தோட்டத்தில் காய்த்த சுரைக்காயை, அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழ அழ, எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தவன் நான். அன்று சாயங்காலத்துக்குள் அவள் உயிர் போயிருக்க வேண்டியது. போகவில்லை. பத்து வருஷம் கழித்தும் அந்தப் 'போகவில்லை'யின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

மதுரைப் பக்கத்திலிருந்து டிப்ளமோ படித்துவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்தவன் நான். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். பின்பக்கம் குளியலறையிலிருந்து சுற்றுச்சுவர் வரை ஒரு துண்டு நிலம் இருந்தது. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன ஜல்லியும் சுண்ணாம்புக் கட்டியுமாக இருந்த அந்த இடத்தை ஷிப்ட் முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினேன். எங்கள் ஊர் வெயிலில் கருகிப்போகும் பீன்ஸும் முள்ளங்கியும் இந்த ஊர்க் குளிரில் கேட்காமலே வளர்ந்தன. தக்காளி வந்தது. சுவரோரம் பெங்களூர்க் கத்தரிக்காய்க் கொடி ஏறியது. குளிக்கிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர், பாத்திரம் அலசுகிற தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் திருப்பிவிட்டேன்.

விளைந்ததில் எதுவும் வீணாகப் போகக் கூடாது என்பது என் சட்டம். முள்ளங்கிக் கீரை பொரியலாகும். பெங்களூர்க் கத்தரிக்காயின் தோல் துவையலாகும். பூசணி விதையை உலர்த்தி வறுப்போம். முற்றிய பீன்ஸை உரித்துக் குழம்பில் போடுவோம். உடைந்த தக்காளி வற்றலாக மொட்டை மாடியில் காயும். எதற்கும் ஆகாதது எருக்குழிக்குப் போகும். என் மனைவி இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். "இந்த வீட்ல குப்பைக்காரன் வந்தா நம்மகிட்ட எதுவும் கிடைக்காம நமக்கு எதாச்சும் குடுத்துட்டுப் போவான்" என்பாள். தட்டில் சோறு மிச்சம் வைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் அடக்கம். அதில் மட்டும் நான் வேடிக்கை எதுவும் அனுமதிக்கவில்லை. மகள் கையைக் கழுவப் போகும்முன் தட்டை என்னிடம் காட்ட வேண்டும்.

அந்தக் கோடையில் எருக்குழி ஓரத்தில் தானாக ஒரு சுரைக்கொடி முளைத்தது. எப்போதோ குழியில் போட்ட விதை. தானாக வந்ததைப் பிடுங்குவதும் வீண்தான் என்று விட்டுவிட்டேன். குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வந்துகொண்டிருந்தது. கொடி பகலில் தொங்கிப்போய்க் கிடக்கும், விடிந்தால் நிமிர்ந்திருக்கும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. சித்திரை கடைசியில் முதல் காய் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. தோல் பளபளவென்று, நகம் பட்டால் இறங்கும் பதத்தில் இருந்தது.

மூன்று பேருக்கு முழுக் காய் அதிகம். காம்பு இருந்த பாதியைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்குக் கொடுத்தோம். அங்கே இருந்தவர் கன்னடம் பேசும் பெண்மணி. எல்லையோரத் தளி ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் கணவர் வேறொரு தொழிற்சாலையில் என்னைப் போலவே ஷிப்ட் பார்ப்பவர். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் புரியும், ஓரளவு பேசவும் வரும். ஆனால் அவரிடம் நான் தமிழ் பேசமாட்டேன். என் கன்னடத்தைக் காட்ட வேண்டாமா? தொழிற்சாலையில் அரைகுறையாகப் பொறுக்கிய கன்னடம் அது. என்னோடு வேலை பார்த்த தளிக்காரர் ஒருவர், "சார் ஒரு மாசம் கன்னடம் பேசினா போதும், கேக்கறவன் தாங்க முடியாம தமிழ் கத்துக்குவான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். எனக்கு அதுவும் ஒரு பாராட்டாகவே பட்டது.

மறுநாள் காலை அந்தப் பெண்மணி சுவர்மேல் எட்டிப் பார்த்தார். கையில் நாங்கள் கொடுத்த அரைச் சுரைக்காய். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர், தலை இந்தப் பக்கமும் காது அந்தப் பக்கமுமாக நின்றார். காயைச் சுவர்மேல் வைத்தார். "காய் ஐதெ, பேடண்ணா" என்றார்.

என் காதில் விழுந்தது அதுதான். காய் இருக்கிறது, வேண்டாம் அண்ணா.

"பர்வாகில்ல, பர்வாகில்ல" என்று தாராளமாகச் சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே பால் பொங்கிய வாசனை வந்தது. ஓடிவிட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். "என்ன சொல்றாக?"

"அவுக வீட்ல காய் இருக்காம். வேணாமாம்."

அவள் வெளியே வந்து காயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் மெல்லியதாக ஒரு சீவல் குறைந்திருந்தது. "பேருக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துட்டாக. காய் இருந்தா நாளைக்குப் பண்ணக் கூடாதா? நம்ம வீட்டுப் பொருள் அவுகளுக்கு ஆகாதோ என்னமோ."

அவள் எதை நினைத்து அப்படிச் சொன்னாள் என்று எனக்கும் தெரியும். அந்த வரிசையில் யார் என்ன சாதி என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் யார் வீட்டில் யார் தண்ணீர் குடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "வேணாம்னா போறாக. நம்ம வீட்ல எதுவும் வீணாப் போகாது. ரெண்டு பாதியையும் இன்னைக்கே பண்ணு. தோலையும் சேத்து" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். கோபம் இல்லையென்றால் ஒரு பாதியைத்தான் சமைத்திருப்போம். அவள் வயிற்றுக்குள் போனது எவ்வளவு குறைந்திருக்கும் என்று நான் இன்றும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தப் பயனும் இல்லாத கணக்கு.

அன்று கிருத்திகை. மனைவி விரதம். சாமிக்குப் படைக்கிற சமையலை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அவள் வளர்ந்த வீட்டு வழக்கம். உப்பைக்கூடக் கைக்கணக்கில்தான் போடுவாள். சுரைக்காய்க் கூட்டும் தோல் துவையலும் செய்தாள். படைத்தாள். சூடம் காட்டினாள். எனக்கு இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ். பன்னிரண்டரைக்கு நானும் மகளும் உட்கார்ந்தோம்.

முதல் வாய்த் துவையலிலேயே கசந்தது. எனக்குத் தோன்றியது வெந்தயம். "வெந்தயத்தைக் கருக விட்டுட்டியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். "துவையல்ல ஏது வெந்தயம்?" என்று பதில் வந்தது. அந்தப் பதில் என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. மகள் கூட்டை வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதுப்பா."

"பாகக்கா கசக்கலையா? அதைச் சாப்பிடறல்ல?"

"இது வேற மாதிரி கசக்குது."

வேற மாதிரி. ஏழு வயதுக் குழந்தை அவ்வளவு சரியாகச் சொன்னாள். நான் எழுந்துபோய் ஒரு கட்டி வெல்லம் எடுத்துவந்து தட்டோரம் வைத்தேன். "ஒரு வாய் கூட்டு, ஒரு கடி வெல்லம். மருந்து மாதிரி நெனச்சுக்க" என்றேன். நானோ துவையலை ஒதுக்கிவிட்டு, கூட்டில் இரண்டு வாய் அள்ளிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ரசத்துக்குப் போய்விட்டேன். எனக்குச் சட்டம் கிடையாது. அவளுக்கு உண்டு. கண்ணில் நீர் வழிய, வெல்லத்தைக் கடித்துக் கடித்து, முழுவதையும் விழுங்கினாள். தட்டைத் தூக்கிக் காட்டினாள். "கெட்டிக்காரி" என்றேன்.

நான் யூனிபாரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது முதல் வாந்தி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகைத் தடவினோம். இரண்டாவது வாந்தி. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தம், குழந்தை போடும் சத்தமாக இல்லை. நாலாவதோ ஐந்தாவதோ வந்தபோது அதில் சிவப்பு இருந்தது. மனைவி "ஐயோ" என்று கத்தியது தெரு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணி பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்.

குழந்தையைப் பார்த்தார். அடுப்படியில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். நேராகப் போய் விரலால் கூட்டைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். அப்படியே தூவென்று துப்பினார்.

"கை ஐதெ அந்த ஹேளிதெனல்லண்ணா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் விழித்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. தேடிப்பிடித்துத் தமிழில் சொன்னார். "கசப்பு! கசப்பு! கைன்னா கசப்பு!"

கை. காய் இல்லை, கை. கசக்கிறது, வேண்டாம் அண்ணா என்றுதான் காலையில் சொல்லியிருக்கிறார்.

கன்னடத்தில் காய்கறியைத் தரகாரி என்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும், வாரச் சந்தையில் நானே சொல்லிச் சொல்லி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் சுரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சொன்ன சொல் என் காதுக்குக் காயாகத்தான் கேட்டது. அது மட்டும் அல்ல. பள்ளிக்கூடத்தில் அறுசுவை எவை என்று கேட்டால் கடைசியில் 'கைப்பு' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தச் சொல்தான் சுவர்மேல் வந்து நின்றது. நான் அதற்குப் பர்வாகில்ல என்று பதில் சொன்னேன்.

அப்போதெல்லாம் எங்கள் பகுதியில் ஆட்டோ கிடைப்பது குதிரைக்கொம்பு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். மனைவி பின்னால். எதிரே வந்தது என் கம்பெனி பஸ்தான். டிரைவர் என்னை ஏற்றிக்கொள்ள நிறுத்தினார், தோளில் கிடந்ததைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா சார்?"

நான் தலையை ஆட்டினேன். அவர் பின்னால் திரும்பி, "டேய், எல்லாரும் இன்னிக்கு லேட்டு! கார்டு பஞ்சிங்குக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த பஸ் அது. ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. யாரோ ஈரத் துண்டு கொடுத்தார்கள். என் கன்னடத்தைக் கேலி செய்கிற தளிக்காரர் எழுந்து இடம் விட்டார். குழந்தையின் கை என் கழுத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் தின்ற இரண்டு வாய்க்கு எனக்கும் குமட்ட ஆரம்பித்திருந்தது.

டாக்டர் இளைஞர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், நர்ஸைப் பார்த்து ஏதோ வேகமாகச் சொன்னார். ஊசி ஏற நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் தேடினார்கள்.

"என்ன சாப்பிட்டா?"

"சுரைக்காய், சார்."

"கசந்ததா?"

"ஆமா சார்."

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "கசந்தது தெரிஞ்சு ஏன் குடுத்தீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். 'வீணாக்கக் கூடாதுன்னு' என்று சொல்ல வேண்டும். அதற்குள் கட்டிலில் இருந்து மகள்தான் பேசினாள். கண் மூடியிருந்தது. அது பேச்சா முனகலா என்றுகூடச் சொல்ல முடியாது.

"நான் எல்லாத்தையும் சாப்பிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. நரம்பு கிடைத்தது. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கிறது என்றார். "இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணும் இல்லீங்க. தண்ணி ஏத்திக்கிட்டே இருக்கணும். விடிஞ்சாத்தான் எதுவும் சொல்ல முடியும். சுரைக்காய்னு வந்த உடனே சொன்னீங்களே, அந்த மட்டும் நல்லது" என்றார். சொன்னது நான்தான். தெரிந்தது அந்தப் பெண்மணியால்.

சாயங்காலம் அவரும் கணவரும் வந்தார்கள். தூக்குப்பாத்திரத்தில் மனைவிக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். விரதத்தை முடிக்காமல் உட்கார்ந்திருந்தவள் அதை வாங்கிக் குடித்தாள். அந்த வீட்டுப் பாத்திரம், அந்த வீட்டுக் கஞ்சி. காலையில் அவள் சொன்ன பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும். குடித்துக்கொண்டே அழுதாள்.

அந்தப் பெண்மணி என்னிடம் தமிழில் பேசினார். அன்றைக்குத்தான் முதன்முறையாக நானும் அவரிடம் தமிழில் பேசினேன்.

"எங்க ஊட்ல சொரைக்காயின்னா மொதல்ல மொனை சீவி நாக்குல வெச்சிப் பாப்போம் அண்ணா. வெச்சேன், கை. அப்பவே எடுத்துக்கினு வந்தேன்."

"எனக்குப் புரியலம்மா."

"நீங்க கன்னடம் நல்லா பேசறீங்க. பர்வாகில்லன்னு வேற சொன்னீங்களா, உங்களுக்குக் கசப்பு புடிக்கும் போலன்னு நெனச்சிட்டேன்." பிறகு கணவரைப் பார்த்தார். "பாலு பொங்கினா பொங்கட்டும்னு நின்னு சொல்லியிருக்கணும். நான் ஓடிட்டேன்."

என் தவற்றில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். விடவில்லை. "இல்லம்மா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றேன். கணவர் பேச்சை மாற்ற, "உங்க பஸ்காரன் நாப்பது பேரையும் லேட்டா கொண்டுபோய் விட்டானாமே, கேட்ல ஒரே ரகளையாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னது எங்களுக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்ததும் வேரோடு இழுத்துப்போட்டேன். அதில் இன்னும் ஏழு காய்கள் இருந்தன. தெருவில் போட்டால் ஆடு மாடு தின்னும். எருக்குழியில் போட்டால் விதை மறுபடியும் முளைக்கும். கடைசியில் ஒவ்வொன்றாக வெட்டி, விதையைத் தனியே எடுத்து எரித்து, மீதியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கொடி ஏன் கசந்தது என்று விவசாயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். வெயில் என்றார் ஒருவர், தண்ணீர்க் குறைவு என்றார் ஒருவர், காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்திருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றும் இருக்கலாம். மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க சொன்னீக, அவ சாப்பிட்டா" என்று மட்டும் ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே, எதையோ விளக்குவதுபோல் சொன்னாள். திட்டியிருந்தால் அது முடிந்திருக்கும்.

தோட்டத்தை நான் விடவில்லை. பீன்ஸும் முள்ளங்கியும் இன்றும் இருக்கின்றன. தோல் துவையலும் உண்டு. சட்டம்தான் இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்த இரவைப் பற்றி எழுத என்னால் முடியாது. விடிந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். டாக்டர் வந்து பார்த்தார். நாடி நன்றாக இருக்கிறது, அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். என்னைப் பார்த்தே சொன்னார். குழந்தை கண் விழித்து முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு மேலே தொங்கிய சலைன் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு "பசிக்குது" என்றாள். மனைவி முகம் கழுவப் போயிருந்தாள். நர்ஸ் என்னிடம், "இட்லி வாங்கிட்டு வாங்க சார். சட்னி வேணாம், சர்க்கரை தொட்டுக் குடுங்க. மெதுவா" என்றார்.

வாசலில் இருந்த கடையில் இரண்டு இட்லி வாங்கிவந்தேன். ஆவி பறந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு பிட்டேன். அவள் வாயைத் திறந்தாள். என் கை போகவில்லை. பிட்டதை என் வாயில் போட்டு மென்றேன். இட்லிதான். அரிசியும் உளுந்தும். இன்னொரு துண்டு, அடியிலிருந்து பிட்டேன். அதையும் மென்றுவிட்டுக் காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. வயிற்றில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தேன். இந்தப் பக்கத்தைப் பார்த்தாயிற்று, அந்தப் பக்கம்? ஓரத்தில் பிட்டேன். நடுவில் பிட்டேன். சர்க்கரையைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள், "எனக்கு?"

குனிந்து பார்த்தேன். ஒரு இட்லி முழுவதும் தீர்ந்திருந்தது. இரண்டாவதில் பாதி இல்லை.